வயித்துக் கோடு: 380 வெள்ளி (ரிங்கிட்) செட் வாங்கலாமா, வீட்டு எண்ணெயே போதுமா? (22 வாரக் கர்ப்பம், கோலாலம்பூர் செந்தூல்)

#1 செந்தூல்_பொண்ணு
திங்கள், இரவு 11.08

அக்காமாருக்கெல்லாம் வணக்கம். எனக்கு இது முதல் பிள்ளை. 22 வாரம் ஆகுது. போன வாரம் குளிச்சிட்டு கண்ணாடி முன்னாடி நின்னப்போ தொப்புளுக்குக் கீழ, இடது பக்கமா மூணு கோடு பார்த்தேன். பேனாவால கீறின மாதிரி, கருஞ்சிவப்பா. கை வெச்சா லேசா பள்ளம் தெரியுது. யார்கிட்டயும் சொல்லல, ஆனா அன்னிக்கு ராத்திரி தூக்கமே இல்ல.

மறுநாள் மாமியார்கிட்ட சொன்னதுதான் தப்பு. பக்கத்து வீட்டு ஆண்ட்டி மூணு போத்தல் உள்ள செட் ஒண்ணு விக்கிறாங்களாம், 380 வெள்ளி. "இனிமே ஒரு கோடுகூட விழாது, விழுந்ததும் மறைஞ்சிடும்"னு சொன்னாங்களாம். எங்கம்மா, அதெல்லாம் எதுக்கு, நல்லெண்ணெய் போடுன்னாங்க. மாமியார் விளக்கெண்ணெய். ஆபீஸ்ல கூட வேலை செய்ற மலாய் அக்கா மின்யாக் ஸைத்துன் (ஆலிவ் எண்ணெய்) போடச் சொல்றாங்க. மேனேஜர் கோகோ பட்டர் டப்பாவே வாங்கிக் குடுத்துட்டாங்க. அடுப்படி எண்ணெய் அலமாரி மொத்தமும் இப்ப என் வயித்து மேலதான்.

எங்கம்மாவுக்கு மூணு பிள்ளைங்க. வயிறு முழுக்க வெள்ளை வெள்ளையா கோடு இருக்கு. சின்ன வயசுல அதுல விரல் வெச்சு விளையாடியிருக்கேன். எனக்கும் அப்படித்தான் ஆகுமா? எதுதான் உண்மையிலேயே வேலை செய்யுது? அந்த 380 வெள்ளிய குடுக்கலாமா?

#2 ரெட்டைக்காரி_ஈப்போ_ரோடு
திங்கள், இரவு 11.31

குடுக்காத. அந்தக் காசுக்கு பேம்பர்ஸ் வாங்கிப் போடு, பின்னாடி எனக்கு நன்றி சொல்லுவ.

என் கதையக் கேளு. மூத்தவனுக்கு ஒரு சொட்டு எண்ணெய்கூட நான் தடவல. அப்ப வாந்தியில எந்த வாசனையும் ஆகாது. ஒரு கோடும் வரல. அடுத்தது ரெட்டை. பயத்துல காலையும் ராத்திரியும் பூசினேன், படுக்கை விரிப்பு பூரா எண்ணெய்க் கறை. 30 வாரம் வரைக்கும் சுத்தமா இருந்த வயிறு, அப்புறம் பத்தே நாள்ல வெடிச்ச தர்பூசணி மாதிரி ஆயிடுச்சு. அதே வயிறுதான், அதே ஆள்தான். உள்ள இருந்தது ஒண்ணா ரெண்டாங்கிறதுதான் வித்தியாசம்.

#3 ஆயர்_ஈத்தாம்_அம்மாச்சி
செவ்வாய், காலை 6.12

கண்ணு, பயப்படாதே. விளக்கெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் பாதிப் பாதி கலந்து, வெதுவெதுப்பாக்கி, குளிக்கப் போறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி தடவு. கீழேயிருந்து மேல, மெதுவா. அழுத்தாதே. எனக்கு என் அத்தை தடவிவிட்டாங்க, என் மருமகளுக்கு நான் தடவிவிட்டேன்.

அரிச்சா நகத்தால சொறியாதே. சொறிஞ்ச இடமெல்லாம் கோடு விழும். பழைய வேட்டித் துணியால ஒத்தி ஒத்தி எடு.

#4 முன்னாள்_மிஸ்ஸி
செவ்வாய், காலை 9.40

பினாங்கில தாய் சேய் கிளினிக்கில 31 வருஷம் மிஸ்ஸியா, அதாவது நர்ஸா இருந்து ஓய்வு பெத்தவ நான். எத்தனை ஆயிரம் வயிறு அளந்திருப்பேன்னு கணக்கில்ல. அதனால கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்குங்க.

தங்கச்சி, அந்தக் கோடு மேல்தோல்ல விழுறது இல்ல. தோலுக்கு அடியில ஒரு கெட்டியான அடுக்கு இருக்கு. கொலாஜன், எலாஸ்டின்னு ரெண்டு விதமான நார்தான் அதைப் பாய் மாதிரிப் பின்னி வெச்சிருக்கு. வயிறு வேகமாப் பெருக்கும்போது அந்தப் பின்னல் அங்கங்க விட்டுப்போகுது. கர்ப்பத்துல சுரக்கிற ஹார்மோனும் அந்த நாரை இளக்கிவிடுது. மேல்தோல் கிழியாம, அடியில விட்டுப்போன இடம் மட்டும் மேல வரியாத் தெரியுது. கை வெச்சா பள்ளமா இருக்குன்னு சொன்னியே, காரணம் அதுதான். பாய் நடுவுல அறுந்தா மேல எண்ணெய் பூசி ஒட்ட முடியுமா? எல்லா எண்ணெய்க்கும் உள்ள சிக்கல் இதுதான். மேல பூசுறது அவ்வளவு ஆழத்துக்குப் போய்ச் சேர்றது இல்ல.

கர்ப்பிணிகள்ல பாதிப் பேருக்கு மேல இது வருது. சில கணக்குல பத்துக்கு ஒன்பது பேர். பெரும்பாலும் ஆறாம் மாசம், ஏழாம் மாசத்துலதான் ஆரம்பிக்கும், உனக்குக் கொஞ்சம் முந்திக்கிச்சு. யாருக்கு அதிகம் வரும்னு கேட்டா: அம்மாவுக்கோ அக்காவுக்கோ இருந்தவங்க, சின்ன வயசுல பிள்ளை சுமக்கிறவங்க, ஆரம்பத்துலயே உடம்பு கனமா இருந்தவங்க, ரொம்ப எடை ஏறுறவங்க, பெரிய பிள்ளை, ரெட்டைப் பிள்ளை, தண்ணீர்க்குடத்துல தண்ணி அதிகம் உள்ளவங்க. இதுல உன் கைக்கு எட்டுறது எடை ஒண்ணுதான். அதுலயும் பாதிதான் உன் கையில.

பிங்க் புக்கை (கிளினிக்கில குடுத்த கர்ப்பகால செக்கப் புத்தகம்) எடுத்துப் பாரு. முதல் தடவை போனப்போ உயரமும் எடையும் எழுதி பிஎம்ஐ போட்டிருப்பாங்க. அது 18.5-லேர்ந்து 24.9-க்குள்ள இருந்தா பத்து மாசத்துக்கும் சேர்த்து 11.5-லேர்ந்து 16 கிலோ ஏறலாம். 25-லேர்ந்து 29.9 வரைன்னா 7 முதல் 11.5 கிலோ. 30-உம் அதுக்கு மேலயும்னா 5 முதல் 9. ஒல்லியா, 18.5-க்குக் கீழ இருந்தவங்களுக்கு 12.5 முதல் 18 வரைக்கும்கூடச் சரி. இதைக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துறதுதான் தோலுக்கும் நல்லது. ஒரே மாசத்துல நாலு கிலோ ஏறினவங்களை நான் பார்த்திருக்கேன். என்ன சாப்பிட்டேன்னு கேட்டா "ஒண்ணுமே இல்ல மிஸ்ஸி"ன்னு சொல்லுவாங்க, கையில தே ஆய்ஸ் (ஐஸ் போட்ட பால் டீ) பொட்டலம் தொங்கும்.

அதுக்காகப் பட்டினி கிடக்காதே. கோடு விழுமேன்னு சாப்பாட்டைக் குறைச்சவங்களையும் பார்த்திருக்கேன். அந்தத் தப்பு இந்தத் தப்பைவிடப் பெரிசு.

அம்மாச்சி, உங்க எண்ணெய்க்கு நான் எதிரி இல்ல. ஆனா சொறியிறதுனால இந்தக் கோடு விழாது. கோடு விழுற இடத்துல தோல் இழுபட்டு அரிக்கும், அதனால சொறியிறோம், அப்புறம் பார்த்தா கோடு. பழி நகத்து மேல விழுந்துடுச்சு. சொறிஞ்சா புண்ணாகி வேற தழும்பு வரும், அதனால துணியால ஒத்துறது நல்ல பழக்கம்தான்.

#5 அழகுமலர்_ஹோம்மேட்
செவ்வாய், காலை 10.05

சிஸ்டர், கவலை வேண்டாம்! எங்கள் மூலிகைத் தைலம் 100% இயற்கை. 14 நாளில் கோடுகள் மறையும். நூற்றுக்கணக்கான தாய்மார்கள் பயன்படுத்தியது. இந்த வாரம் மட்டும் இரண்டு போத்தல் 199 வெள்ளி, தபால் இலவசம். தனிச் செய்தி அனுப்பவும்.

#6 மருந்துக்கடை_தம்பி
செவ்வாய், மதியம் 1.22

சிஸ்டர், உங்க தைலத்தோட நோட் நம்பர் என்ன? போத்தல் பின்னாடி படம் எடுத்துப் போடுங்க, பார்ப்போம்.

மத்தவங்களுக்காகச் சொல்றேன். நான் பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு பார்மசியில பார்மசிஸ்ட். மலேசியாவுல விக்கிற எந்த அழகுப் பொருளும் என்பிஆர்ஏ-கிட்ட (அரசாங்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அறிவிக்கப்பட்டு, 'NOT' (நோட்)னு தொடங்குற எண் வாங்கியிருக்கணும். மருந்துன்னா 'எம்ஏஎல்'னு தொடங்கும் பதிவு எண் இருக்கும், கூடவே ஹோலோகிராம் ஸ்டிக்கரும். என்பிஆர்ஏ தளத்துல அந்த எண்ணை அடிச்சா என்ன பொருள், எந்தக் கம்பெனின்னு வந்துடும். ஒரு நிமிஷ வேலை. எண் இருக்குங்கிறதுக்காக அது கோட்டை மறைக்கும்னு அர்த்தம் இல்ல. யார் பொறுப்புங்கிறதாவது தெரியும், அவ்வளவுதான்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். எந்த கிரீம் கோட்டைத் தடுக்குதுன்னு அதுவரை நடந்த ஆய்வுகளை 2012-இல் காக்ரேன்ங்கிற சர்வதேச மருத்துவ ஆய்வுக் குழு ஒண்ணாச் சேர்த்துப் பார்த்தாங்க. 6 ஆய்வு, 800 பெண்கள். பூசினவங்களுக்கும் பூசாதவங்களுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்லைங்கிறதுதான் முடிவு. கோகோ பட்டரைத் தனியாவே ஜமைக்காவுல 300 பேர்கிட்டயும், லெபனான்ல 175 பேர்கிட்டயும் சோதிச்சாங்க. ரெண்டுலயும் பலன் இல்ல. ஆலிவ் எண்ணெய்க்கும் இதே கதைதான், அதை ஈரான்ல பார்த்தாங்க.

கொஞ்சம் நம்பிக்கை தர்ற மாதிரி ரெண்டு இருக்கு. துருக்கியில கசப்பு வாதுமை எண்ணெய் வெச்சு 141 பேர்கிட்ட பார்த்தாங்க. எண்ணெய் பூசி 15 நிமிஷம் நீவிவிட்டவங்கள்ல 20 விழுக்காட்டினருக்குக் கோடு வந்துச்சு. நீவாம சும்மா பூசினவங்கள்ல 38.8. எதுவுமே பூசாதவங்கள்ல 41.2. கடைசி ரெண்டு விழுக்காட்டையும் ஒப்பிட்டுப் பாருங்க. வேலை செஞ்சிருந்தா அது கை, எண்ணெய் இல்ல. சின்ன ஆய்வு, அதனால ரொம்பத் தூக்கி வைக்கவும் வேண்டாம். இன்னொண்ணு வல்லாரைச் சாறு கலந்த கிரீம். 1991-இல் வந்த ஒரு சின்ன ஆய்வுல அதைப் பூசினவங்களுக்குக் கோடு கொஞ்சம் குறைவா வந்துச்சு. வல்லாரைன்னா நம்ம பாசார்ல (சந்தையில) உலாமுக்கு, அதாவது பச்சையாச் சாப்பிட, விக்கிற பெகாகாதான். உடனே பெகாகாவை அரைச்சு வயித்துல அப்பிடாதீங்க, கிரீம்ல போடுறது பிரிச்செடுத்த சாறு.

அதனால செந்தூல்_பொண்ணு, உங்க மேனேஜர் குடுத்த டப்பாவையே பூசுங்க. தோல் காயாது, அரிப்பு குறையும். 15 வெள்ளி கிரீமும் அதைத்தான் செய்யும், 380 வெள்ளி செட்டும் அதைத்தான் செய்யும்.

ஒண்ணு மட்டும் கவனம். டிரெட்டினோயின், ரெட்டினால்னு எழுதியிருக்கிற எதையும் கர்ப்பத்துல தொடாதீங்க. பருவுக்கு வாங்கினது வீட்டுல இருந்தாலும் எடுத்துத் தள்ளி வெச்சிடுங்க.

#7 அழகுமலர்_ஹோம்மேட்
செவ்வாய், மதியம் 2.10

இது பாட்டி வைத்தியம். கவர்மெண்ட் நம்பர் தேவையில்லை. நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் வாங்கலாம்.

#8 மருந்துக்கடை_தம்பி
செவ்வாய், மதியம் 2.14

பாட்டி காசுக்கு வித்தா பாட்டிக்கும் நம்பர் வேணும்.

#9 பட்டர்வொர்த்_பாமா
செவ்வாய், இரவு 8.55

தம்பி சொன்னதை நானும் சொல்லணும். எனக்கு இது நடந்தது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி, தொடை இடுக்குல அரிப்பு. தெரிஞ்சவங்க ஒருத்தர் பேர் போடாத சின்ன டப்பால வெள்ளை கிரீம் குடுத்தாங்க. பூசின மறுநாளே அரிப்பு நின்னுடுச்சு. அதிசயம்னு நினைச்சு நாலு மாசம் விடாம பூசினேன். அப்புறம் பார்த்தா தொடை உள்பக்கம் விரல் அகலத்துக்குக் கோடு கோடா, ஊதா நிறத்துல. அப்ப நான் கர்ப்பமும் இல்ல, எடையும் ஏறல. தோல் டாக்டர் டப்பாவை மோந்துகூடப் பார்க்கல. "ஸ்டீராய்டு கலந்திருக்கும்மா, தோலை இளைக்க வெச்சுடுச்சு"ன்னார். அந்தக் கோடு இன்னும் அப்படியேதான் இருக்கு.

கோட்டை மறைக்கிறேன்னு சொல்லி விக்கிற டப்பாவுலயும் அதே சாமான் இருந்தா? யோசிச்சுப் பாருங்க.

#10 நடத்துநர்
செவ்வாய், இரவு 9.30

விற்பனைப் பதிவுகளுக்கு இங்கே இடமில்லை. #5-க்கு எச்சரிக்கை. பதிவை அழிக்காமல் விட்டிருப்பது, அடுத்தடுத்த பதில்கள் புரியாமல் போய்விடும் என்பதால்.

#11 செந்தூல்_பொண்ணு
புதன், இரவு 10.20

அப்பாடா. 380 மிச்சம். மாமியார்கிட்ட என்ன சொல்றதுங்கிறதுதான் இப்பப் பிரச்சினை. மிஸ்ஸிக்கா, பிங்க் புக் பார்த்தேன். பிஎம்ஐ 26.1. போன தடவையிலேர்ந்து இந்தத் தடவைக்குள்ள 3.4 கிலோ ஏறியிருக்கு. தே ஆய்ஸ் பொட்டலம்னு எழுதினீங்களே, மசிட் ஜாமெக்கில எல்ஆர்டி இறங்கினதும் நான் வாங்குறது அதுதான். என்னை எங்கேயாவது பார்த்தீங்களா?

இன்னொண்ணு. தொப்புள்லேர்ந்து நேராக் கீழ ஒரு கருப்புக் கோடு ஓடுது. அதுவும் இதே வகையா?

#12 முன்னாள்_மிஸ்ஸி
புதன், இரவு 10.48

சிரிச்சுட்டேன் போ. தே ஓ கோசோங்குக்கு (பால், சீனி இல்லாத டீ) மாறு. மூணு நாள் கசக்கும், அப்புறம் பழகிடும்.

நடுவுல ஓடுற கருப்புக் கோடு வேற. அது நிறம் மட்டும் கூடுறது. தோல் அங்க விட்டுப்போகல. பிள்ளை பிறந்து சில மாசத்துல தானா மங்கிடும். ஆம்பளைப் பிள்ளைன்னா கோடு மேல வரைக்கும் ஏறும்னு யாராவது சொல்லுவாங்க. கேட்டுச் சிரிச்சுட்டு விட்டுடு.

#13 புது_அப்பா_கெப்போங்
வெள்ளி, இரவு 12.47

ஆம்பளை இங்க எழுதலாமான்னு தெரியல, மன்னிச்சுக்குங்க. மனைவிக்கு 33 வாரம். நாலு நாளா ராத்திரியில அரிப்பு தாங்க முடியல. எழுந்து உட்கார்ந்து அழறா. வயித்துல கோடு கொஞ்சம் இருக்கு, ஆனா அரிப்பு அங்க இல்ல. உள்ளங்கை, உள்ளங்கால்லதான். பொரி, தடிப்பு எதுவும் தெரியல. தேங்காய் எண்ணெய் போட்டுப் பார்த்தாச்சு, வெட் டிஷ்யூ வெச்சாச்சு. மேல சொன்ன வாதுமை எண்ணெய் எங்க கிடைக்கும்? இந்நேரத்துக்குத் திறந்திருக்கிற கடை ஏதாவது தெரியுமா?

#14 முன்னாள்_மிஸ்ஸி
வெள்ளி, இரவு 12.59

தம்பி, எண்ணெய் தேடாதீங்க. முழிச்சிருந்தது நல்லதாப் போச்சு.

உள்ளங்கை, உள்ளங்கால்ல அரிப்பு, பொரி இல்ல, ராத்திரியில அதிகம். இது கல்லீரல்லேர்ந்து பித்தம் சரியா வடியாததால வர்ற அரிப்பா இருக்கலாம். அப்படித்தான்னு நான் இங்கேயிருந்து சொல்ல முடியாது, ரத்தம் எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும். பித்த அமிலம், கல்லீரல் ரெண்டையும் பார்ப்பாங்க. அம்மாவுக்கு அரிப்பு மட்டும்தான், ஆனா பித்த அமிலம் ரொம்ப ஏறினா உள்ள இருக்கிற பிள்ளைக்கு ஆபத்து. அதனாலதான் இதைத் தள்ளிப் போடக்கூடாது.

பிள்ளை வழக்கம்போல அசையுதான்னு இப்பவே மனைவிகிட்ட கேளுங்க. அசைவு குறைஞ்சிருந்தா இந்த நிமிஷமே காரை எடுங்க, பிரசவம் பார்க்கப் பதிஞ்ச ஆஸ்பத்திரிக்கே போங்க. அசைவு நல்லா இருந்தாலும் விடிஞ்சதும் முதல் வேலை அதுதான். பிங்க் புக் மறக்காதீங்க. "அரிப்பு"ன்னு மட்டும் சொன்னா கிரீம் குடுத்து அனுப்பிடுவாங்க. "உள்ளங்கை, உள்ளங்கால், ராத்திரி"ன்னு மூணையும் சேர்த்துச் சொல்லுங்க. சிறுநீர் கருத்துப் போகுதா, கண் மஞ்சளா இருக்கான்னும் பாருங்க.

#15 புது_அப்பா_கெப்போங்
வெள்ளி, இரவு 1.06

அசையுதாம். இப்பவும் உதைக்குதாம். விடிஞ்சதும் போறோம். நன்றி அக்கா.

#16 ரெட்டைக்காரி_ஈப்போ_ரோடு
வெள்ளி, காலை 7.15

காலையில எழுந்து இதைப் படிச்சுட்டுக் கை நடுங்குது. எனக்கும் ரெட்டைக்கு அரிச்சுச்சு, ஆனா வேற மாதிரி. வயித்துக் கோட்டு மேலேயே சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பா ஆரம்பிச்சு தொடை வரைக்கும் இறங்குச்சு. தொப்புளைச் சுத்தி மட்டும் ஒண்ணும் இல்ல. 36 வாரம் அப்ப. டாக்டர் பார்த்தவுடனே, இது கோடு விழுந்த தோல்ல வர்ற ஒரு வகைப் பொரி, முதல் பிரசவத்துலயும் ரெட்டையிலயும் அதிகம் வரும், பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லி கிரீம் எழுதிக் குடுத்தார். பிறந்து ரெண்டு வாரத்துல போயிடுச்சு.

ரெண்டும் அரிப்புதான், எவ்வளவு வித்தியாசம் பாருங்க. அண்ணா, போய்ப் பார்த்துட்டு எழுதுங்க.

#17 புது_அப்பா_கெப்போங்
சனி, மாலை 6.40

பார்த்தாச்சு. மிஸ்ஸிக்கா சொன்னதேதான். பித்த அமிலம் ஏறியிருக்கு, ஆனா ரொம்ப இல்லையாம். மாத்திரை குடுத்திருக்காங்க, அடுத்த வாரம் திரும்ப ரத்தம் எடுக்கணும். பிள்ளையோட இதயத்துடிப்பு மெஷின் வெச்சுப் பார்த்தாங்க, நல்லா இருக்கு. தேவைப்பட்டா கொஞ்சம் முன்னாடியே பிரசவம் வைப்போம்னாங்க. "எப்படி இவ்வளவு தெளிவாச் சொல்றீங்க"ன்னு டாக்டர் கேட்டாங்க. வயித்துக் கோட்டுக்கு எண்ணெய் தேடப் போய்த் தெரிஞ்சுக்கிட்டேன்னு சொன்னேன்.

#18 தமிழாசிரியை_ஓய்வு
ஞாயிறு, பிற்பகல் 4.25

நீங்கள் எல்லாரும் கோடு, கோடு என்கிறீர்கள். பழந்தமிழில் இதற்கு நெருங்கிய ஒரு சொல் உண்டு: திதலை. பெண்ணின் மேனியில் படரும் வெளிர்ந்த புள்ளிகளையும் வரிகளையும் குறிப்பது. பிள்ளை பெற்றவளைச் சொல்லும்போதும் புலவர்கள் அதை ஆண்டிருக்கிறார்கள். குறையாக அல்ல, பொன்னை உரைத்த வரி போல என்று. என் வகுப்பில் அந்தச் சொல்லுக்குப் "தேமல்" என்று மட்டும் பொருள் சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போய்விடுவேன். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஐந்தாம் படிவத்துப் பிள்ளைகள், என்ன செய்வது.

#19 ரெட்டைக்காரி_ஈப்போ_ரோடு
ஞாயிறு, பிற்பகல் 4.50

டீச்சர், என்னோடது பொன் வரி இல்ல, கேஎல் ரோட்டு மேப். ஆனாலும் இனிமே திதலைன்னே சொல்றேன்.

#20 செந்தூல்_பொண்ணு
(ஐந்து வாரம் கழித்து) வியாழன், இரவு 9.15

27 வாரம். மூணு வாரம் முன்னாடி சீனித் தண்ணி டெஸ்ட் எடுத்தாங்க. 75 கிராம் குளுகோஸ், குமட்டிக்கிட்டு வந்துச்சு. வெறும் வயித்துல சர்க்கரை 5.4 mmol/L. 5.1 தொட்டாலே இனிப்பு நீர் (கர்ப்பகாலச் சர்க்கரை நோய்)தானாம். ரெண்டு மணி நேரம் கழிச்சு 7.2, அது 7.8-க்குக் கீழ இருக்கிறதால அது மட்டும் தப்பிச்சுது. டயட்டீஷியன்கிட்ட அனுப்பினாங்க. சோறு ஒரு கிண்ணம், தட்டுல பாதி காய், ராத்திரி சாப்பிட்டதும் 20 நிமிஷம் நடை. எங்க தாமானை (குடியிருப்பை) சுத்தி நானும் வீட்டுக்காரரும் நடக்கிறோம், நாய்களுக்கெல்லாம் எங்களைப் பழகிப்போச்சு. இந்த மூணு வாரத்துல ஏறினது 700 கிராம்தான், பிள்ளை வளர்ச்சி சரியா இருக்குன்னு ஸ்கேன்ல சொன்னாங்க.

கோடு மூணு இருந்தது ஒன்பது ஆயிடுச்சு. ஆனா பத்து நாளாப் புதுசா ஒண்ணும் இல்ல.

ஒரு சந்தேகம். அம்மாச்சி சொன்ன விளக்கெண்ணெய் போட்டேன். இந்த வெக்கையில வயிறெல்லாம் வேர்க்குரு. நிறுத்திடவா?

#21 மருந்துக்கடை_தம்பி
வியாழன், இரவு 9.52

நிறுத்திடுங்க. விளக்கெண்ணெய் ரொம்பத் தடிப்பு, நம்ம ஊர்ப் புழுக்கத்துல வேர்வைத் துவாரத்தை அடைச்சிடும். வாசனை இல்லாத லேசான லோஷன், குளிச்சுத் துடைச்ச ஈரத்தோட பூசுங்க. ஆபீஸ்ல நாள் பூரா ஏர்கோன்னா மதியம் இன்னொரு தடவை. பருத்தித் துணி போடுங்க.

#22 ஆயர்_ஈத்தாம்_அம்மாச்சி
வெள்ளி, காலை 6.05

நாங்க பூசுன காலத்துல குளிச்சு அரப்பு தேய்ச்சு எடுத்துடுவோம். நீ பூசிட்டு அப்படியே படுத்திருப்ப. சரி கண்ணு, தம்பி சொல்றபடி செய்.

#23 பட்டர்வொர்த்_பாமா
வெள்ளி, மதியம் 12.30

பிள்ளை பிறந்தப்புறம் லேசர்ல எடுக்கலாமான்னு யாராவது பார்த்தீங்களா? என் தொடைக்கு விசாரிச்சேன். ஒரு தடவைக்கு 600 வெள்ளி, ஆறு தடவை வரணும்னாங்க. விலையைக் கேட்டுட்டு வந்துட்டேன்.

#24 மருந்துக்கடை_தம்பி
வெள்ளி, மதியம் 1.18

கோடு புதுசா, சிவப்பாவோ ஊதாவாவோ இருக்கும்போதுதான் சிகிச்சைக்குக் கொஞ்சம் மசியும். நம்ம நிறத்துல அது கரும்பழுப்பாத் தெரியும், அதனால புதுசுன்னே பல பேருக்குத் தெரியாது. ஒண்ணு ரெண்டு வருஷத்துல வெளுத்து வெள்ளிக் கம்பி மாதிரி ஆயிட்டா அது ஆறின தழும்பு. மங்க வைக்கலாம், அழிக்க முடியாது.

டிரெட்டினோயின் கிரீம் புதுக் கோட்டுக்குப் பலன் தருதுன்னு ஆய்வு இருக்கு. ஆனா அது டாக்டர் சீட்டு மருந்து. கர்ப்பத்துல கூடாது, பால் குடுக்கிறவங்க டாக்டரைக் கேக்காமத் தொடக்கூடாது. லேசர்ல புதுக் கோட்டுக்கு ஒரு வகை, பழசுக்கு ஒரு வகை. ஊசி ரோலர் மாதிரி குத்துறதும் இருக்கு. எதுவா இருந்தாலும் நம்ம மாதிரி கருத்த தோலுக்குச் சூடு பட்ட இடம் இன்னும் கருத்துப் போற வாய்ப்பு அதிகம். அதனால அழகு நிலையத்துல செய்யாதீங்க. தோல் டாக்டர்கிட்ட போய், நம்ம நிறத்து ஆளுக்குச் செஞ்ச படம் காட்டச் சொல்லிக் கேளுங்க. காட்ட முடியலைன்னா எழுந்து வந்துடுங்க.

#25 ரெட்டைக்காரி_ஈப்போ_ரோடு
வெள்ளி, மதியம் 1.40

பிரசவத்துக்கு அப்புறம் பெங்குங் (வயித்துக் கட்டு) கட்டினா கோடு போகுமா? என் மலாய்த் தோழி 44 நாள் பந்தாங் (பிரசவப் பத்தியம்) இருந்து பரம், தாப்பெல்னு மூலிகைப் பத்தெல்லாம் பூசிக் கட்டினா.

#26 முன்னாள்_மிஸ்ஸி
வெள்ளி, மாலை 5.05

போகாது. இடுப்புக்குத் தாங்கலா இருக்கும், நிமிர்ந்து உட்காரலாம், அது நிஜம். கோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. அறுவைப் பிரசவம்னா காயம் ஆறினதும் டாக்டர்கிட்ட கேட்டுட்டுத்தான் கட்டணும், மூச்சு முட்டக் கட்டக்கூடாது. பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடிச்சு விடுறது வேணும்னா சில அரசாங்க ஆஸ்பத்திரியிலேயே செய்றாங்க. இங்க கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியிலதான் 2007-இல் முதல்ல பாரம்பரிய வைத்தியப் பிரிவு ஆரம்பிச்சாங்க. வலிக்குப் போங்க, கோட்டுக்குப் போகாதீங்க.

#27 புது_அப்பா_கெப்போங்
(மேலும் இரண்டு நாள் கழித்து) ஞாயிறு, காலை 11.11

பெண் பிள்ளை. 2.7 கிலோ. 38-ஆவது வாரம் தேதி குறிச்சு, வலி வர வெச்சு எடுத்தாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. பிறந்த மறுநாளே மனைவிக்கு அரிப்பு குறைஞ்சுடுச்சு. மிஸ்ஸிக்கா, பினாங்கு வந்தா உங்களைப் பார்க்கணும்னு சொல்றா.

#28 முன்னாள்_மிஸ்ஸி
ஞாயிறு, காலை 11.30

வாங்க. பிள்ளையையும் தூக்கிட்டு வாங்க. அவ அடுத்த தடவை கர்ப்பமானா முதல் செக்கப்புலயே இது இருந்துச்சுன்னு சொல்லிடணும், திரும்ப வர வாய்ப்பு அதிகம். பிங்க் புக்ல எழுதியிருப்பாங்க, இருந்தாலும் வாயால சொல்லுங்க.

#29 செந்தூல்_பொண்ணு
(நான்கு மாதம் கழித்து) செவ்வாய், அதிகாலை 3.20

பையன். 3.1 கிலோ. ஆறு வாரம் ஆகுது. பால் குடிக்கிறான், ஒரு கையாலதான் எழுதுறேன்.

இனிப்பு நீர் சாப்பாட்டுலயே அடங்கிடுச்சு, ஊசி போட வேண்டியிருக்கல. மொத்தம் 10 கிலோ ஏறினேன். கடைசி மாசத்துல இன்னும் கோடு விழுந்துச்சு, எண்ணுறதை விட்டுட்டேன். இப்ப வயிறு தொளதொளன்னு, கோடெல்லாம் மடிஞ்சு கிடக்கு, நிறம் கொஞ்சம் மங்கின மாதிரி இருக்கு. நேத்து அம்மா குளிப்பாட்டிவிடும்போது பார்த்துட்டு, "அடியே, இடது பக்கம் என்னோடது மாதிரியே வளைஞ்சிருக்குடி"ன்னு சொல்லி அவங்க வயித்தைக் காட்டினாங்க. உண்மையிலேயே அப்படித்தான் இருந்துச்சு.

மாமியார் எனக்குத் தெரியாம அந்தச் செட்டை வாங்கியே வெச்சிருந்தாங்களாம். பிறந்தப்புறம் போடலாம்னு. போத்தல்ல நம்பர் இல்ல, பின்னாடி எதுவுமே எழுதல. ஆண்ட்டிகிட்ட திருப்பிக் குடுக்கப் போனா காசு தரமாட்டேன்னுட்டாங்க. இப்போ மூணு போத்தலும் வீட்டுல நிக்குது, கேட் கீல் கிரீச்சுன்னு சத்தம் போட்டா வீட்டுக்காரர் அதுலேர்ந்து ரெண்டு சொட்டு விடுறார். நல்லா வழுக்குது.